ஹாலுக்கு ஏற்ற கார்ப்பெட்

"நகத்தால சுரண்டிப் பாருங்க. அழுக்காக்கூட இருக்கலாம்" என்றாள் ஸ்ரீதேவி.

ஹரிஹரன் முட்டிபோட்டுச் சுரண்டினான். அழுக்காவது, மண்ணாவது! டைல்ஸ் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. கழுவி எடுத்துவந்த கிரைண்டர் குழவி கை நழுவி, உருண்டு, சோபாவுக்கு அடியில் போய் 'டம்' என்றது. குடிவந்த அன்று லாரிக்காரர்கள் போட்டுவிட்டுப் போனதிலிருந்து நகர்த்தாத சோபாவை இழுத்துப் பார்த்தால் இந்த லட்சணம். திரும்ப சோபாவைப் போட்டே மூடலாம் என்றால், குழவி அதன் காலையும் ஒடித்துவிட்டிருந்தது. சோபா ரிப்பேருக்குப் போய்விட்டது.

குடிவந்த அன்றே வீட்டு ஓனர் துரை கறாராகச் சொல்லியிருந்தார்: "சார், புது வூடு. தரையில ஒரு கீறல் வியக் கூடாது. வியுந்துச்சு, காலி பண்ணிட்டுப் போய்கினே இருக்கணும்."

செங்கல்பட்டில் இது அவர்களுக்கு மூன்றாவது வீடு. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெரு. மகள் சங்கரி இப்போதுதான் அழாமல் போகிறாள். இந்த வீடும் போனால், ஸ்ரீதேவி அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவாள்.

அன்று சாயங்காலமே துரை போன் செய்தார். "சார், வெள்ளிக்கிழமை நானும் வூட்டம்மாவும் வந்துகினு கீறோம். ஹால மட்டும் பாத்துட்டுப் போயிடுவோம்."

ஹாலை மட்டுமா! ஹரிஹரன் சட்டையை மாட்டிக்கொண்டு கார்ப்பெட் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் வெங்கடேசன் பொறுமையாக விளக்கினார். "ஹாலுக்குக் கட்டை முடி வெச்சது போடுங்க சார். பெட்ரூமுக்குத்தான் புசுபுசு. நடக்குற எடத்துல போட்டா மண்ணு மாட்டிக்கும்."

"எது நல்லா மறைக்கும்?"

"எத மறைக்கணும்?"

"தரையத்தான்!"

"அப்ப புசுபுசு."

மறுநாள் வேலைக்கு வந்த கன்னியம்மா அந்தப் புசுபுசுவின் மேல் ஒரு வாளி பினாயில் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டாள்.

"ஐயோ, கார்ப்பெட்டைப் போய்த் தண்ணி ஊத்தித் துடைப்பாங்களா?" என்று அலறினாள் ஸ்ரீதேவி.

"தரையில கீதே, தொடைக்க வாணாமா? இன்னா அண்ணி நீ!"

மழையில் நனைந்த ஆடு வந்து படுத்த மாதிரி வீடு நாறியது. புசுபுசு மொட்டைமாடிக்குப் போனது. அடுத்து பூப்போட்ட மெல்லிசுக் கார்ப்பெட் வந்தது. பார்க்க லட்சணம்தான். ஆனால் உடைந்த டைல்ஸ் சில்லு அடியிலிருந்து முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, கார்ப்பெட்டுக்குள்ள எலி படுத்திருக்கு!" என்று சங்கரி கட்டில்மேல் ஏறிக்கொண்டாள்.

எலியை அமுக்க, மாமல்லபுரம் ரோட்டுக் கடையில் தென்னைநார் விரிப்பு வாங்கிவந்து பூப்போட்டதற்கு அடியில் போட்டான். இப்போது மேல் விரிப்பு வழுக்கியது. காபியோடு வந்த ஸ்ரீதேவி சறுக்கிக்கொண்டே சமையலறைக்குத் திரும்பிப் போனாள். வழுக்காமலிருக்க, காய்ந்தும் காயாத புசுபுசுவையும் மேலே போட்டான்.

"நாலு பேர் உட்கார்ந்து கச்சேரி பண்ணலாம்" என்றாள் அவள் கடுப்பாக. "ஒழுங்கா உண்மையச் சொல்லிடுங்க."

"நீ சும்மா இரு. அந்த ஆளு மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராது."

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. விரிப்பு தடுத்ததில் வாசற்கதவு பாதிதான் திறந்தது. துரை தொப்பையை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தார். பின்னால் அவர் மனைவி பூங்கொடி, துணி மூடிய தட்டோடு.

துரை தரையைப் பார்த்தார். முகம் மாறியது. "இன்னா சார், ஹாலு மேடாயிட்ச்சு?"

"இப்ப இதான் ஃபேஷன் சார்." ஹரிஹரன் ஓடிப்போய் விரிசலுக்கு நேர் மேலே ஏறி நின்றுகொண்டான்.

"கொஞ்சம் நவுருங்க சார்."

"பரவாயில்ல சார். எனக்கு இங்கதான் காத்து நல்லா வருது."

"நவுருங்கன்றேன்!" துரை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஹரிஹரன் கால்விரல்களால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஸ்ரீதேவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பூங்கொடி தட்டின் துணியை விலக்கினாள். மஞ்சள், குங்குமம், கற்பூரம்.

"கொஞ்சம் எறங்கு சார், போன வருசம் இதே நாளு கிரகப்பிரவேசத்துல எங்க பசு குளம்பு வெச்சு ஒடச்ச டைல்ஸ் அது, ராசின்னு மாத்தாம வெச்சுகீறோம், பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டுப் போயிட்றோம்!"