சம்பந்தம் பேச வந்த நாளில் நான் கிரேக்கனானது

அரைகுறையாகப் படித்தவன் ஆபத்தானவன். படித்ததை ஒழுங்காகக் கோப்பில் போட்டு வைத்திருப்பவன் இன்னும் ஆபத்தானவன். (நான் பிளாஸ்டிக் உறைகூடப் போட்டிருந்தேன்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கடல் கடந்து குடியேறிய பழங்காலக் கிரேக்கர்களின் இரத்தம் எங்கெங்கே கலந்திருக்கிறது என்று, பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை எடுத்து ஆராய்கிறார்களாம். நூலகத்தில் இதைப் படித்ததும், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டி ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். என் தந்தைவழி இந்தியா, மேற்காசியா, கிரேக்கம் ஆகிய இடங்களில் காணப்படுவது என்று பதில் வந்தது. முதல் இரண்டையும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன். ரொக்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கண்ணாடியில் என் மூக்கு அன்று முதல் சிலை மூக்காகத் தெரிந்தது.

அந்த வாரம்தான் தங்கையைப் பெண் கேட்டு, பக்கத்து ஊரான கர்க்லாண்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அவருடைய தகப்பன் எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய ஆட்கள் என்று வழக்கம்போல் விசாரித்து, திருப்தியோடு வடையை எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஊர் அதுதான் அங்கிள். ஆனால் பரம்பரை கிரேக்கம்" என்று பரிசோதனை முடிவு வைத்திருந்த கோப்பை எடுத்து நீட்டினேன்.

வடை தட்டுக்குத் திரும்பியது. "அப்ப நீங்கள் எங்கட ஆக்கள் இல்லையோ தம்பி?"

தங்கையின் முகம் வெளிறியது. பதறிப்போய், விஞ்ஞானத்தைக் கொண்டே காப்பாற்றப் பார்த்தேன்.

"பயப்பிடாதேங்கோ அங்கிள். அது எனக்கு மட்டும்தான் இருக்கு. தங்கச்சிக்கு இல்லை."

(தகப்பனிடமிருந்து ஆண்பிள்ளைக்கு மட்டுமே போகும் பகுதியைத்தான் சோதித்திருந்தார்கள். அதைச் சொல்ல மறந்துபோனேன்.)

அவர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

"டேய்," என்றார் அப்பா, "உன்ர தகப்பன் நான் இஞ்சைதானே இருக்கிறன்?"

வந்தவர்கள் எழுந்து, கழற்றிவிட்ட சப்பாத்துகளைத் தேடினார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலில் நின்றார்.

"அண்ணை, எனக்கு விளங்கீற்றுது. அப்பாவுக்கு நான் சொல்லுறன். நீங்கள் மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சொன்னார், கல்யாணமும் நடந்தது. ஒரே நிபந்தனை, தாலி ஏறும்வரை சம்பந்தி வீட்டாரோடு நான் கதைக்கக் கூடாது. கல்யாண மண்டபத்தில் தேவாரத்தைக்கூட வாய்க்குள்ளேதான் பாடினேன்.

இன்றைக்கும் குடும்பப் படம் எடுக்கும்போது எல்லோரையும் நெருக்கி நிறுத்திவிட்டு, அப்பா என் பக்கம் திரும்புவார்.

"கிரேக்கத்துத் தம்பி, நீர் கொஞ்சம் தள்ளி நில்லும். இது எங்கட குடும்பப் படம்."