வாய்மை வேந்தர் பினாங்கு போய் வந்தது

உலகம் இன்றைக்கும் கவிழ்ந்துவிடாமல் நிற்பதற்குக் காரணம் வாய்மை. அந்த வாய்மை நிற்பதற்குக் காரணம் கட்டளைமங்கலம் நிலக்கிழார் சாரங்கபாணி. இதை நாமாகச் சொல்லவில்லை. அவரே பதினேழு மேடைகளில் சொல்லியிருக்கிறார். மேடையில் அவர் பெயர் தூய தமிழில் 'வில்லேந்தி'. பட்டாவில் மட்டும் பழைய பெயரே இருந்தது. தமிழ்ப்பற்று வேறு, தாலுகா கச்சேரி வேறு அல்லவா?

அன்னாருக்குப் பினாங்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு தமிழன்பர் மன்றம் ஆண்டு விழா நடத்துகிறது. 'வாய்ச்சொல்லின் வலிமை' என்ற பொருளில் பேச வேண்டும். விழா நடக்கும் இரண்டு நாளும் சாப்பாடு மன்றத்தின் பொறுப்பு. ஆனால் போகிற கப்பலுக்கும் திரும்புகிற கப்பலுக்கும் நடுவே பன்னிரண்டு நாள் இருந்தது. மிச்சப் பத்து நாளை வாய்மையை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவருக்கு அரசாங்கம் மனமுவந்து அனுமதித்த தொகை எட்டு டாலர்.

"எட்டு டாலரா! எங்க களத்துல காக்கா கொத்திட்டுப் போறது அதவிட ஜாஸ்தி!" என்று பொங்கினார் சாரங்கபாணி.

பொங்கி முடித்ததும், கப்பலேறுகிற பலரும் செய்வதையே தாமும் செய்யத் தீர்மானித்தார். நாகூரில் மீரா உசேன் என்பவரிடம் ரூபாயைக் கொடுத்தால், பினாங்கில் அவருடைய கூட்டாளி அப்துல் ஜலீல் அதை அந்த ஊர்ப் பணமான வெள்ளியாகக் கொடுத்துவிடுவார். இதற்கு 'உண்டியல்' என்று பெயர். சட்டம் இதற்கு வைத்திருந்த பெயர் வேறு. ஆகவே வாய்மையின் காவலர் நேரில் போவது முறையாகாது. மூவாயிரம் ரூபாயை யாரிடம் கொடுத்தனுப்புவது? மகனை நினைத்தார், வேண்டாம் என்று பட்டது. மைத்துனரை நினைத்தார், உடனே மறந்தார். கடைசியில் கோவிந்தராசுவுக்கு ஆள் அனுப்பினார்.

கோவிந்தராசு அவருடைய ஐந்து மா நிலத்தை, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சத்தை, இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவன். எழுத்து ஏதும் கிடையாது. "நீ பாத்துக்கடா" என்று என்றோ ஒரு நாள் சொன்னதுதான் பத்திரம். உழுகிறவன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. கோவிந்தராசும் மனுப் போட்டிருந்தான். விசாரணையில் நிலக்காரர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவனை அந்த நிலத்திலிருந்து யாரும் கிளப்ப முடியாது. 'இல்லை' என்றால், அவனும் மனைவி ராஜாத்தியும் மூன்று பிள்ளைகளும் அடுத்த நடவுக்குக் கூலி தேடி அலைய வேண்டியதுதான்.

"டேய், இத நாகூர்ல குடுத்துட்டு வரணும். வெளியில மூச்சு விடக் கூடாது."

"விட மாட்டேங்கய்யா."

"மூவாயிரம். எண்ணிக்க."

"எண்ணுறது எதுக்குங்கய்யா? நீங்க சொன்னா சரிங்க."

மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். சாயங்காலம் திரும்பிவிட்டான்.

"சீட்டு எங்கடா?"

"சீட்டெல்லாம் கெடையாதுங்களாம். 'போயிச் சேந்துடும்னு சொல்லுங்க'ன்னாரு பாய்."

"அவன் சொன்னான், நீ வந்துட்டியாக்கும்!"

"நீங்க சொன்னீங்க, நான் போகலிங்களா? அது மாதிரிதானுங்க." கோவிந்தராசு தலையைச் சொறிந்தான். "ஐயா, அந்தப் பதிவு விஷயம்..."

"திரும்பி வந்து பேசிக்கலாம்டா. நான் என்ன, இல்லேன்னா சொல்லிடப் போறேன்?"

"மூவாயிரத்த என்னை நம்பிக் குடுத்த மனுசன், அஞ்சு மாவையா இல்லேன்னுடுவாரு?" என்று கோவிந்தராசு வீட்டில் போய்ச் சொன்னான். ராஜாத்திக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பினாங்கில் எட்டு டாலர் இருபத்து நாலு வெள்ளி ஆயிற்று. பணம் மூன்று மடங்காகப் பெருகிவிட்டதைக் கண்டு சாரங்கபாணி பூரித்தார். அந்தப் பூரிப்பு துறைமுகத்திலிருந்து விடுதி வரைக்கும் நீடித்தது.

"முன்பணம் பதினாறு வெள்ளிங்க," என்றார் விடுதிக்காரர் முகம்மது யூசுப். "நாலு நாளைக்கு."

"ஊர்ல எனக்கு அறுபது ஏக்கர் தெரியுமா?"

"சந்தோசங்க. பதினாறு வெள்ளி."

"எம் பேரச் சொன்னாலே கடன் குடுப்பாங்க."

"பேரு நல்லாத்தான் இருக்கு. பதினாறு வெள்ளி."

நில உச்சவரம்பு அதிகாரியிடம் பதினைந்து ஏக்கர் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்த நிலம், கடல் தாண்டியதும் அறுபதாகிவிட்டதைக் கவனிக்க. பயணம் மனிதனை விசாலமாக்கும் என்பது இதுதான்.

அவர் காசைக் காசாகப் பார்த்துப் பழகியவர் அல்லர். மனசுக்குள் எல்லாமே நெல்லாக மாறிக்கொண்டிருந்தது. அறை வாடகை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கலம். ரிக்‌ஷா இரண்டு மரக்கால். ஒரு டீ இரண்டு படி! டீயைக் குடிக்கும்போது களத்தில் நெல்லைக் கொட்டிக் குடிப்பதுபோல் நெஞ்சு அடைத்தது. வேட்டி வெளுக்க ஒரு மரக்கால் கேட்டார்கள். அவர் தம்முடைய வேட்டியைத் தாமே கசக்கிப் பிழிந்த அந்தக் காலைப் பொழுது, கட்டளைமங்கலம் சரித்திரத்தில் பொறிக்கத் தக்கது. விழாவுக்கோ இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அப்துல் ஜலீலின் கைலிக் கடை சூலியா தெருவில் இருந்தது. மூன்று நாள் அந்த வாசலைத் தாண்டிப் போனார், வந்தார். உள்ளே போகக் கால் எழவில்லை. சீட்டு இல்லை, சாட்சி இல்லை, அந்த ஆளின் முகமே தெரியாது. 'யாருய்யா நீ?' என்று கேட்டுவிட்டால்? எழுத்தில்லாதவன் ஒருத்தன் இன்னொருத்தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பயம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் பையில் முப்பது காசு மிச்சம். துணிந்து உள்ளே நுழைந்தார்.

"நாகூர்ல... கோவிந்தராசுன்னு ஒருத்தர்..."

"கட்டளைமங்கலத்துக்காரவங்களா! வாங்க, வாங்க. ரெண்டு மூணு நாளா உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்." ஜலீல் மேஜை அறையை இழுத்து எண்ணூற்றைம்பது வெள்ளியை எடுத்து வைத்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"கையெழுத்து எதுக்குங்க?"

"நாந்தான் அந்த ஆளுன்னு எப்படி நம்புறீங்க?"

"அங்க சொன்னாங்க. நீங்க வந்து கோவிந்தராசு பேரச் சொன்னீங்க. வேற என்னங்க வேணும்? ஒக்காந்து டீ சாப்புடுங்க. நீங்க காசு குடுக்க வேணாம்."

சாரங்கபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. மெய்யான கண்ணீர்தான், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

விழாவில் அவர் பேசிய பேச்சை அங்குள்ளோர் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். "சீட்டெதற்கு? செல்லரிக்கும் சீட்டெதற்கு? கையெழுத்து கயவருக்கு! வாய்ச்சொல்லே வல்லவர்க்கு!" என்று முழங்கினார். மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. பொன்னாடை போர்த்தி, 'வாய்மை வேந்தர்' என்ற பட்டத்தையும் கொடுத்தது.

வேந்தர் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் விசாரணை. பதிவுத் தாசில்தார் துரைராசு கோவிந்தராசுவைக் காட்டி, "இவரு உங்க குத்தகைதாரரா?" என்று கேட்டார்.

வேந்தர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எப்பவாவது கூலிக்கு வர்ற ஆளுன்னு நெனைக்கிறேன். குத்தகைன்னா எழுத்து இருக்கணுமேங்க? நான் இப்பத்தான் வெளிநாடு போயிட்டு வர்றேன். அங்க எதுக்கெடுத்தாலும் சீட்டு, கையெழுத்து. அதனாலதான் அவன் முன்னேறியிருக்கான். வாய்ச்சொல்ல நம்பி எவனாவது காரியம் பண்ணுவானா?"

"ஐயா!" என்று கத்திவிட்டான் கோவிந்தராசு. "சார், என்னைத் தெரியாதவருதான் நாகூருக்கு..." அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

"நாகூருக்கு என்ன?" என்றார் தாசில்தார்.

வேந்தர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோவிந்தராசு அவரைப் பார்த்தான். வெளியில் மூச்சு விட மாட்டேன் என்று சொல்லியிருந்தான். பாவி, அதை ஞாபகம் வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்லிங்க," என்றான்.

மனு தள்ளுபடி ஆயிற்று.

மறுநாள் மாலை கட்டளைமங்கலம் கடைத்தெருவில் வேந்தருக்குப் பாராட்டுக் கூட்டம். தலைமை, தாசில்தார் துரைராசு. வேந்தர் பினாங்குப் பேச்சையே எடுத்துவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். கைதட்டல் கேட்டால் அவருக்குத் தலைகால் தெரியாது.

"வாய்மையை நான் ஏட்டிலா படித்தேன்? இல்லை, என் மண்ணிலே படித்தேன்! அதோ நிற்கிறான் என் தோழன் கோவிந்தராசு! இருபத்திரண்டு ஆண்டுகள் என் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டான். எழுத்து உண்டா? இல்லை! ஒரு மரக்கால் குறைந்ததுண்டா? இல்லை!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. மெல்லத் திரும்பித் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கோவிந்தராசு கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் ஓடி வந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"சார்! கேட்டீங்களா சார்? அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

"கேட்டேன்ப்பா. அருமையான பேச்சு."

"அப்பப் பதிஞ்சுடலாங்களா சார்?"

தாசில்தார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மிகுந்த பரிவோடு குனிந்து கேட்டார்: "எழுதிக் குடுத்தாரா?"

அடுத்த வாரம் அந்த ஐந்து மாவின் வரப்பில் ஒரு பலகை நட்டிருந்தது: 'இது வாய்மை வேந்தர் அவர்களின் சொந்த சாகுபடி நிலம். அந்நியர் நுழைந்தால் போலீஸில் ஒப்படைக்கப்படுவர்.' இருபத்திரண்டு வருஷத்தில் கோவிந்தராசுவுக்கு வேந்தர் எழுத்தில் கொடுத்தது அது ஒன்றுதான்.