வானம் தெரிகிற இடம்

"மரத்துக்கு அடியில வச்சா எப்படிங்க—"

"நீ கொஞ்சம் வாய மூடு, அது தேடுது—"

"அரை மணி நேரமா தேடுது! காணாமப் போன ஆட்டைக்கூட இந்நேரத்துக்குக் கண்டுபிடிச்சிருப்பாங்க."

"ஆடும் செயற்கைக்கோளும் ஒண்ணாடி?"

"ஆடாச்சும் கூப்பிட்டா கத்தும்."

வத்தல்மலையில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருந்த வேனின் கூரைமேல், வெள்ளைத் தட்டு ஒன்றை ஏந்தியபடி இளம்பரிதி மண்டியிட்டிருந்தான். வானத்திலிருந்து நேராக இணையத்தை இறக்கித் தரும் தட்டு என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். கையிலிருந்த போனோ காலையிலிருந்து ஒரே பாட்டைப் பாடியது: 'வானம் மறைக்கப்பட்டுள்ளது.' கீழே அவன் மனைவி அன்பரசி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

மணி பத்து. பதினொன்றுக்கு அவன் வேலை இருக்கிறதா போகிறதா என்று தெரிந்துவிடும்.

அவன் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் அந்த வீடு பெங்களூரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்த்த இரண்டு பேரைப் போன வாரம்தான் மேலாளர் சந்திரமோகன் வீட்டுக்கு அனுப்பினார். இன்று பதினொரு மணிக் கூட்டத்தில் எல்லோரும் கேமராவைத் திறந்து வைத்து முகத்தைக் காட்டியாக வேண்டும். இளம்பரிதியோ பெங்களூர் வீட்டைக் காலி செய்து, பழைய வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு கிளம்பி இரண்டு மாதம் ஆகிறது. அந்த வீட்டில் மிச்சம் ஒரு நீலத் திரைச்சீலைதான். அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தினமும் 'வீட்டில்' உட்காருவான்.

"அதோ, வானம் தெரியுது!" என்று கூரையிலிருந்து குதித்தான்.

மரங்களுக்கு அப்பால், வீடுகளை ஒட்டி, வட்டமாக ஒரு வெட்டவெளி. வேனைக் கிளப்பி நேராக அதன் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, ஷூவோடு கீழே இறங்கினான். கால் வழுக்கியது.

"யோவ்! யோவ்! கண்ணு பொட்டையா?"

துடைப்பத்தோடு ஓடி வந்தாள் சென்னம்மாள். அது அவள் களம். ராகி அடிப்பதற்காகச் சாணி கரைத்து மெழுகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஈரம் மின்னும் தரையில் இரண்டு டயர்த் தடங்கள், ரயில் தண்டவாளம்போல் கிடந்தன.

"சோறு வுழுற எடமய்யா இது! நாங்க செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறுவோம். நீ வண்டியோட ஏறியிருக்கியே!"

"தெரியாதுங்கக்கா, இப்ப எடுத்துடறேன்."

"முன்னால போகாத!" என்று அவள் கத்தினாள். அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தான்.

பின்னால் எருக்குழி. ஈரத்தில் சறுக்கிய வேன், பின்சக்கரம் இரண்டும் குழிக்குள் இறங்க, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பேட்டரிப் பெட்டி கவிழ்ந்து, கருகல் வாடை ஒன்று மெல்ல வெளியே வந்தது.

"வானத்தப் பாக்கணும்னீங்க, வண்டியே பாக்குது" என்றாள் அன்பரசி. சொல்லிவிட்டு அழுதுவிடுவாள் போலிருந்தது.

மொபெட்டில் பால் கேனோடு போன மாதையன் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார். மூன்று பேர் தள்ளினார்கள். வேன் இன்னும் நாலு விரற்கடை இறங்கியது.

"டிராக்டர் வந்தாத்தானுங்க ஏறும். தம்பிக்குச் சொல்லியுடறேன், இருங்க" என்று போனை எடுத்தார்.

மணி பத்தரை. தட்டு இருக்கிறது, வானம் இருக்கிறது, கரண்ட் இல்லை.

"அக்கா, உங்க வூட்டுலருந்து ஒரு வயர் மட்டும்... பொழப்பே போயிரும்க்கா."

சென்னம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வயரு குடுக்கறேன். ஆனா களத்த யாரு கெடுத்தாங்களோ அவங்க கையாலதான் மொழுவணும். அதான் இங்க மொறை."

"நான் மெழுகறேங்கக்கா" என்றாள் அன்பரசி.

"நீயா ஓட்டுன? அவரு உக்காரட்டும்."

அன்பரசி களத்தின் ஓரத்தில் தட்டை நிறுத்தி, கோயில் விழாவுக்கு இழுக்கும் நீள வயரைக் கொண்டுவந்து சொருகினாள். போனில் பச்சை விளக்கு எரிந்தது. இணையம் அருவியாய்க் கொட்டியது. ஆனால் பதினொன்று அடித்தபோது பாதிக் களம்தான் முடிந்திருந்தது.

"பாதியில எந்திரிச்சா வயரப் புடுங்கிப்புடுவேன்" என்றாள் சென்னம்மாள்.

ஆகவே கவிழ்த்த கூடைமேல் மடிக்கணினி. பின்னால் இரண்டு குச்சிகளில் நீலத் திரைச்சீலை. நடுவே இஸ்திரி போட்ட சட்டையில் இளம்பரிதி. கேமராவுக்குக் கீழே அவன் வலது கை சாணியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

திரையில் இருபது முகங்கள். நடுவில், புத்தக அலமாரிக்கு முன்னால், சந்திரமோகன். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், திட்டும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார்.

"இளம்பரிதி, வீட்லதானே?" தமிழ்!

"ஆமா சார்."

"ஏன் தோள் ஆடிக்கிட்டே இருக்கு?"

"பிசியோதெரபி சார். டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னுட்டார்."

"மாடு கத்துதே?"

"பெங்களூர் சார். ரோட்ல போகுது."

"அந்த மூலை விட்டுப்போச்சு பாரு, நல்லாத் தேச்சு இழு!" என்றாள் சென்னம்மாள்.

"யாரது?"

"தெ... தெரபிஸ்ட் சார்."

மலைக்காற்று ஒரு வீச்சு வீசியது. திரைச்சீலை பறந்துபோய் எருக்குழியில் விழுந்தது. இளம்பரிதியின் பின்னால், மூக்கைத் தூக்கிய வேனும், துடைப்பத்தோடு சென்னம்மாளும், அடுக்கடுக்காக மலைகளும் தெரிந்தன. அவன் பதறி இரு கைகளாலும் கேமராவை மறைக்கப் போனான். இருபது பேரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு வேலையில நேர்மைதான் முதல்ல," என்றார் சந்திரமோகன், நிதானமாக. "நான் பெங்களூர்ல, என் வீட்ல, என் மேசையில உக்காந்திருக்கேன். ஒரு நாள் நகர்ந்தது கிடையாது. உனக்கு மட்டும் மலை கேக்குதா? சாயங்காலத்துக்குள்ள லெட்டர் வரும்."

இளம்பரிதி தலை குனிந்தான். இரண்டு மாதம் வாயாடிய அன்பரசி வந்து அவன் பக்கத்தில், ஈரத்திலேயே உட்கார்ந்தாள். சென்னம்மாள்கூடத் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

டிராக்டர் கிளம்பிவிட்டது என்று சொல்ல வந்த மாதையன், அழுகிற முகங்களைப் பார்த்துவிட்டு, இவர்களை அழவைத்தது யார் என்று திரைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, பக்கத்து மேலூர்ல வேன்ல தங்கியிருக்கற நம்ம சாரு! ஏனுங்க சார், காலைல பால் ஊத்தறப்ப இந்தப் பொஸ்தகப் படம் போட்ட துணி பின்னால கட்டலீங்களே... நாளைக்கும் அரை லிட்டருதானுங்களா?"