பன்னிரண்டாம் தொகுதி

பன்னிரண்டாம் தொகுதியை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு, ஆவணக் காப்பகத்தின் தலைமை எழுத்தர் தாள் தாளாகப் புரட்டினார். அட்டை சரி, முதுகில் ஒட்டிய எண்ணும் சரி. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. முந்நூறும் வெற்றுத் தாள்கள். அவருடைய பிறப்புப் பதிவு இருந்தாக வேண்டிய தொகுதி அது.

பணிப்பதிவேட்டின்படி அவருக்கு வயது ஐம்பத்தேழு. அதற்கு ஆதாரம் இல்லையென்றும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமென்றும் மேலிடம் எழுதியிருந்தது. அறுபதில் ஓய்வு. இன்னும் மூன்றாண்டுகள் இந்த நாற்காலி தமக்கு உண்டு என்று நம்பியிருந்தவர் அவர். பிறப்பு, இறப்பு, நிலம், வழக்கு என மாநிலத்தின் எல்லாத் தாளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் அந்த அறையைவிட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை. சொந்தக் காரியத்துக்காக ஒரு தொகுதியைத் திறப்பது முறைகேடு என்று, முப்பதாண்டுகளாகப் பன்னிரண்டாம் தொகுதியைத் தொட்டதும் இல்லை.

சான்று கேட்டு வருகிறவர் எவரானாலும் "இணைப்பு எங்கே?" என்றுதான் வரவேற்பார். அதனால் கட்டடம் முழுவதும் அவருக்கு 'இணைப்பு' என்றே பெயர். மாமியாரின் இறப்புச் சான்றைக்கூட, ஓர் இணைப்புக் குறைந்ததென்று சொந்த மனைவிக்கு மூன்று மாதம் கொடுக்காதவர்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வயதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது என்று மனைவி பரிவோடு கேட்டாள். அந்தப் பரிவில் நெகிழ்ந்து, சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி, வாங்கிய தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தார். போன ஆண்டு கால் முறிந்து ஒரு மாதம் வீட்டிலிருந்தபோது அவற்றை அகரவரிசையில் அடுக்கியவரும் அவரே.

மறுநாள் நிலப் பத்திரங்களில் தேடத் துணிந்தார். தமக்குத் தாமே விண்ணப்பம் எழுதி, இணைப்பு இல்லையென்று தாமே திருப்பி அனுப்பி, குறையைத் தீர்த்து, மாலையில் தாமே பெற்றுக்கொண்டார். தந்தை மனை விற்ற பத்திரம் கிடைத்தது. 'மூன்று வயது மகன்' என்று அதில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்போது வயது ஐம்பத்தெட்டு.

"அதைத் திரும்பவும் மேலேயே வச்சுடறேன் சார். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் ஏணியக்கா. இருபது ஆண்டுகளாக ஏணியில் ஏறி அவருக்கு ஏடு எடுத்துக் கொடுப்பவள்.

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லி, அதை 'இணைப்பு ஒன்று' ஆகக் கோத்தார்.

பத்திரம் பிழையாக இருக்கலாம் என்று வழக்குக் கட்டுகளுக்குப் போனார். பழைய பாகப்பிரிவினை வழக்கில் சித்தப்பா கொடுத்திருந்த பிரமாணம் அகப்பட்டது. அந்தப் புண்ணியவான் இவருக்கு மேலும் ஒரு வயதைக் கூட்டியிருந்தார். ஐம்பத்தொன்பது. அது 'இணைப்பு இரண்டு'.

"போதும் சார். இன்னும் ஒரு கட்டை அவுத்தீங்கன்னா நாளைக்கே உங்களுக்கு வழியனுப்பு விழாதான்" என்றாள் ஏணியக்கா. அவள் குரலில் இருந்த கலக்கத்தை அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நாற்காலிக் கவலையைக்கூட மறந்துவிட்டு, அவர் தவறுப் பதிவேட்டை எடுத்தார். முப்பதாண்டுகளில் ஒரு வரிகூட ஏறாத ஏடு அது. தொலைந்தது தொலைந்ததுதானே. 'பன்னிரண்டாம் தொகுதி என் பொறுப்பில்' என்பதுவரை எழுதினார். அடுத்த சொல்லுக்குக் கை வரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

ஏணியக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, தன் முக்காலிமேல் கிடந்த மெத்தையின் தையலைப் பிரித்தாள். உள்ளே, பழந்துணியில் சுற்றிப் பத்திரமாக, பன்னிரண்டாம் தொகுதியின் தாள்கள் இருந்தன.

அவர் புரட்டினார். பெயர், தந்தை பெயர், தேதி. வயது அறுபத்தொன்று. போன ஆண்டே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்.

சினம் வர வேண்டிய இடத்தில் அவர் நெகிழ்ந்துபோனார். "நான் இந்த நாற்காலியை விட்டுப் போகக்கூடாதுன்னா இப்படிப் பண்ணினே? எனக்காகவா?"

"உங்களுக்காக இல்ல சார்" என்றாள் ஏணியக்கா, தலை குனிந்தபடி. "போன வருஷம் உங்க காலுக்குப் போட்ட கட்டைப் பிரிச்ச மறுநாள் வீட்டம்மா இங்க வந்தாங்க. உங்களுக்கு நிஜமா அறுபது ஆயிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 'ஒண்ணு, அவர் பொறந்த ஏடு காணாமப் போகணும். இல்லைன்னா நான் காணாமப் போகணும்'னு சொல்லி அழுதாங்க."