நாலு பேருக்கு முன்னால் ஒரு மோட்டார்

மச்சானை ஒருமுறையாவது மிஞ்சிக் காட்டுவது என்று கதிர்காமநாதன் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை.

மச்சான் உமாசுதன் மெல்பேர்னில் எலெக்ட்ரிக்கல் என்ஜினியர். இரண்டு கிழமை லீவில் வெள்ளவத்தைக்கு, அக்கா வீட்டுக்கு வந்தவன், பெட்டியைத் திறக்க முதலே கறகறத்த ஃபேனைத் திருத்தினான். அடுத்த நாள் கோலிங் பெல். அதற்கடுத்த நாள் கிரைண்டர்.

"உமாவின்ர கையே கை," என்றாள் அவனுடைய அக்கா, கதிர்காமநாதனின் மனைவி பாலேஸ்வரி.

முப்பது வருடம் அதே வீட்டில் இரண்டு கைகளோடு உலாவிய கதிர்காமநாதனுக்கு அது பொறுக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஊரார் நட்டங்களை ஆராய்ந்தே தலை நரைத்த மனிதர். ஒரு வாஷிங் மெஷினை ஆராய முடியாதா?

முடியாதுதான். ஆனால் என்ன பழுது என்று முன்கூட்டியே தெரிந்தால் முடியும். அதற்கு ஒரே வழி, பழுதைத் தானே உண்டாக்குவது.

அக்காவும் தம்பியும் கோயிலுக்குப் போன நேரம், மூன்று யூடியூப் வீடியோ பார்த்து மெஷினின் முதுகைக் கழற்றினார். கெப்பாசிட்டர் என்ற வெள்ளை டப்பாவிலிருந்து ஒரு வயரை உருவிவிட்டார். அது இல்லாவிட்டால் மோட்டாருக்குச் சுற்றத் தொடங்க வராது, முனகிக்கொண்டு நிற்கும்.

பின்னேரம் அப்படியே முனகியது.

"என்னப்பா இது, பல்லுக்குத்து வந்த கிழவன் மாதிரி?"

"மோட்டார்ப் பழுது. ஞாயிற்றுக்கிழமை நான் பாக்கிறன்."

"உமாட்டச் சொல்லட்டோ?"

"ஒருத்தரும் தொடக்கூடாது! லீவில வந்த பிள்ளையை வேலை வாங்கிறதே?"

வியாழனும் வெள்ளியும் பாலேஸ்வரி கையால் தோய்த்தாள். பெட்ஷீட் பிழிந்துவிட்டு அவள் இடுப்பைப் பிடித்தபோது அவருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. இரண்டு நாள்தானே என்று குத்திய இடத்தைத் தடவிவிட்டு, சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் மஞ்சள் நிறத்தில் ஒரு மல்டிமீற்றர் வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை எதிர் ஃப்ளாட் றவூப் நானா கதிரையும் கையுமாக வந்து உட்கார்ந்தார்.

"மெஷின் மவுத்தாப் போச்சாம், சேர்?"

"உயிர் குடுக்கத்தானே நான் நிக்கிறன், நானா."

கதிர்காமநாதன் சுவர் சுவிட்சைப் போட்டார். மெஷினையும் போட்டார். விரலை உயர்த்தினார். "கேளுங்கோ. இந்த முனகல்தான் முதல் தடயம்."

ஒரு சத்தமும் இல்லை.

"முனகேல்லையே, அத்தான்," என்றான் உமாசுதன்.

"மெல்லிய முனகல். பழகின காதுக்குத்தான் கேக்கும்."

"எனக்குக் கேக்குது," என்றாள் பாலேஸ்வரி. "உங்கட பக்கத்தில இருந்து."

"முதல்ல சொக்கெட்டுக்குக் கரண்ட் வருதோ எண்டு பாப்பமே, அத்தான்?"

"அது படிக்கிற பெடியள் பாக்கிறது, தம்பி. நான் நேர நோய்க்குப் போறன்."

சுவிட்சை நிறுத்தி, முதுகைக் கழற்றினார். குரல் கனத்தது. "மோட்டாருக்குள்ள ரெண்டு சுருள். ஒண்டு ஓட. மற்றது ஓட்டத்தைத் தொடங்க. தொடக்கத்துக்கு ஒரு உதை வேணும். உதைக்கிறவர் இந்தக் கெப்பாசிட்டர். இப்ப பாருங்கோ, இவற்ற ஒரு வயர்..."

வயர்கள் அதனதன் இடத்தில் இருந்தன. இரண்டும். இறுக்கமாக.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஒரு வயர்?" என்று அடியெடுத்துக் கொடுத்தாள் பாலேஸ்வரி.

"ஒரு வயர்... நல்லா இருக்கு."

"அது நல்ல விசயம்தானே, சேர்," என்றார் றவூப் நானா.

மீற்றரை எடுத்தார். சுருள்களை அளந்தார், சரி. மூடிச் சுவிட்ச், சரி. பெல்ட்டை இழுத்தார், சரி. பதற்றத்தில் தன் கட்டைவிரலையும் அளந்தார். அதில் மட்டும் ஏதோ கோளாறு காட்டியது. மறுபடி சுவிட்சைப் போட்டார். பிணம் பிணமாகவே கிடந்தது. உண்மையாகவே எதையோ எரித்துவிட்டோம் என்ற எண்ணம் வந்ததும் சட்டை முதுகோடு ஒட்டியது. சுவிட்சை நிறுத்திவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"மோட்டாரே போட்டுதாக்கும்," என்றாள் பாலேஸ்வரி. குரல் தழுதழுத்தது. சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போனது. "இனி என்ர கட்டை வேகுமட்டும் கையாலதான் தோய்க்கவேணும் எண்டு எழுதியிருக்கு."

அதோடு அவர் உடைந்தார்.

"ஐயோ, அழாதையும்! நான் அந்த ஒரு வயரைத்தான் கழட்டினனான்! சத்தியமா வேற ஒண்டையும் தொடேல்ல!"

வெளியே வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.

பாலேஸ்வரி தலைப்பை இறக்கினாள். கண் காய்ந்திருந்தது. எழுந்து ஹோலுக்குப் போனாள். மீற்றர்ப் பெட்டியில் அவள் காலையிலேயே இறக்கிவைத்திருந்த, மெஷினுக்கான டிரிப் சுவிட்ச் 'டக்' என்று மேலே போனது. திரும்பி வந்து, "கையை எடுங்கோ," என்று சுவர் சுவிட்சைத் தட்டினாள். மெஷின் சும்மா பம்பரமாய்ச் சுழன்றது.

"உங்கட வயரை நானாட மச்சான், மெஷின் திருத்திற பஸீர், நேற்றே பூட்டிட்டார், நீங்கள் மீற்றர் வாங்கப் போன நேரம். எலி கடிச்சா வயர் நறுவல் நொறுவலா இருக்குமாம். இது மனிசன் பக்குவமாக் கழட்டினதாம். மோட்டார் சுத்தேல்ல எண்டு சொல்லி, எங்கட காதில பூவெல்லோ சுத்தினியள்!"

றவூப் நானா முகட்டைப் பார்த்தார். உமாசுதன் துவாய்க்குள் முகத்தைப் புதைத்தான். தோள் மட்டும் குலுங்கியது.

கதிர்காமநாதன் சிதறிய மானத்தில் அகப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினார். "எப்பிடியோ, வேலை செய்யுதுதானே. உடுப்பைக் கொண்டாரும், போடுவம்."

"உடுப்பு பாத்ரூமில ரெண்டு வாளியில ஊறுது. வியாழன் வெள்ளி நான் தோய்ச்சனான். இனி ஒரு மாசத்துக்கு உங்கட கை."

அன்று பின்னேரம் குந்தியிருந்து பெட்ஷீட் பிழிந்தார் கதிர்காமநாதன். பக்கத்தில் மெஷின் நின்றது, ஒரு பழுதும் இல்லாமல்.