சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நலம். அங்கே அத்தானும் நலமாகத்தான் இருப்பார். இல்லையென்றால் நீ விட்டிருக்க மாட்டாய். போனில் சொன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ யோசனை சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

"வருஷம் பூரா கப்பல்லயே கெடக்குற. லீவுல வந்து டிவி முன்னாடி உக்காராம, பிள்ளையோட சேர்ந்து பிரயோஜனமா ஏதாவது செய்" என்றாயே, செய்தேன். முதலில் களிமண். நம் பொடிசுக்கு ஒரு யானை செய்து தரலாம் என்று உட்கார்ந்தேன். இன்ஜின் ரூமில் பம்பைக் கழற்றி மாட்டியே பழகிய கை ஆயிற்றே, யானை தானாகவே பம்பாகிவிட்டது. வால்வெல்லாம் அச்சு அசலாக வந்த உற்சாகத்தில் நிமிர்ந்து பார்த்தால், பிள்ளை தன் மண்ணைத் தொடவே இல்லை. "நல்லா செய்றீங்க" என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல. அடுத்து நீச்சல் குளம். குதித்துக் காட்டினேன், மிதந்து காட்டினேன், தண்ணீர் குடித்தும் காட்டினேன். அவள் கரையில் உட்கார்ந்து என் துண்டைக் காவல் காத்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவங்களுக்கு நல்லா நீச்சல் தெரியுதும்மா" என்று சான்றிதழ் வேறு. அவங்களாம்! பெற்ற அப்பனை! அப்புறம் சைக்கிள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் இறங்கி, "நீங்க ஓட்டறீங்களா?" என்று மரியாதையாக நீட்டினாள். முழங்கால் மோவாயில் இடிக்க இடிக்க நானும் ஓட்டினேன். எதிரே வந்த தபால்காரர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார்.

முந்தாநாள் கம்பெனியிலிருந்து அழைப்பு. பாத்ரூமில்தான் இரைச்சல் இல்லாமல் பேசலாம் என்று உள்ளே போய்ப் பேசிவிட்டு வைக்கும்போது, கை தவறி வீட்டுக்காரியின் போனுக்கு வீடியோ கால் போய்விட்டது. எடுத்தது பொடிசு. "அப்பாஆ! சாப்டியா? எங்க இருக்க? அன்னிக்கு யானை செஞ்சோம்ப்பா, ஆனா அது யானையே இல்ல!" என்று ஒரே சிரிப்பு. அக்கா, சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் பிள்ளை. அவள் குரல் முதலில் சுவர் வழியாக வருகிறது, அப்புறம் போன் வழியாக வருகிறது. இரண்டையும் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் பொழுதுபோக்கு இதுதான். அவள் ஹாலில், நான் பாத்ரூமில். "குளிக்கணும், வெளிய வர்றீங்களா இல்லையா?" என்று வீட்டுக்காரி கதவை இடிக்கிறாள். பிள்ளை மேல் தப்பில்லை. அவள் அப்பா உள்ளங்கை அளவு. வந்து நிற்கிற ஆளோ வாசலை அடைக்கிறான். ஆனாலும் ஏக்கமாக இருக்கிறது, அக்கா. அவளை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கப்பலில் ஒவ்வொரு நாளும் படுத்தேன்.

ஆகவே ஒரு முடிவு. பாத்ரூமிலிருந்து பேசுவதைக் கப்பலிலிருந்தே பேசலாம், சம்பளமாவது வரும். அத்தானின் சிநேகிதர் டிக்கெட் ஏஜென்ட்தானே, என் பயணத்தை இந்த வாரத்துக்கே மாற்றித் தரச் சொல். யோசனை கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம். உன் பிள்ளைகள் நூறாண்டு இருந்து உன்னிடம் திட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
கதவுக்குப் பின்னாலிருந்து
உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனபோது பொடிசு கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பாத்ரூமில் நின்றுகொண்டேன். ஏதோ நாய்க்குட்டிக் கதை. பாதியில் அவள் அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அப்புறம் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், என் கையிலிருந்த போனையும் பார்த்தாள். "கட் ஆயிடுச்சு" என்றாள். "ம்" என்றேன். வாளியைக் கவிழ்த்து என்னை உட்கார வைத்து, மடியில் ஏறிக்கொண்டு, "எங்க விட்டேன்ப்பா?" என்றாள்.

"நாய்க்குட்டி மேஜை மேல ஏறிடுச்சு."

"ஆங், ஏறிடுச்சா, அப்புறம்..."

அத்தானிடம் டிக்கெட்டைப் பற்றி மூச்சுவிடாதே. சார்ஜரை வீட்டுக்காரி தேடிக்கொண்டிருக்கிறாள். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.