மாமாவுக்கு வாங்கிய மாலை

எனக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் வாத்தியாருக்குப் பொடி வாங்கப் போனேன்.) ஆனாலும் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டிலிருந்து கரியாஹாட் வரை நான் தகரக் கூரை போடாத கடை ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். வங்காளிகள் எது சொன்னாலும் "ஜானி, ஜானி" என்பேன். தெரியும், தெரியும் என்று அர்த்தம். அதிலேயே பிழைப்பு ஓடியது.

அதுதான் என்னைக் கயிற்றிலும் தொங்கவிட்டது.

சுந்தரவனத்துக் கடைக்கோடித் தீவு ஒன்றில், பெண்பிள்ளைகள் கபடி பழக உள்ளரங்கம் கட்டும் வேலை வந்தது. தகரமும் இரும்புத் தூணும் படகேறின. அதுவரை அந்தப் பிள்ளைகள் ஆற்றங்கரைத் திடலில்தான் ஆடினார்கள். பொழுது சாய்ந்தால் தாய்மார்கள் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது. மூடிய இடம் இல்லையென்றால் மாலைப் பயிற்சி இல்லை.

தீவில் இறங்கியதுமே ஒன்று உறுத்தியது. தேனெடுக்கப் போகிறவர்கள் பின்மண்டையில் முகமூடி கட்டியிருந்தார்கள். என்னைக் கடந்து போன பிறகும் அந்த முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டு போயின. (ஏதோ திருவிழா என்று முடிவு கட்டினேன். கேட்பதாவது!)

"முதல்ல ஷட்டரை மாட்டிடுங்க, தாதா. மாமா வந்துடுவார்" என்றாள் பயிற்சியாளர் மாலதி. (அவள் வங்காளத்தில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன். தாதா என்றால் அங்கே அண்ணன்.)

நமக்கு மாமா என்றால் சும்மாவா? தாய்மாமன் முன்னே வந்து நிற்காமல் நம்மில் ஒரு காதுகுத்து நடக்குமா?

"மாமா வர்ற நேரத்துல ஷட்டரை இழுத்து மூடுறதா? மரியாதை இல்லாத வேலை! அதைக் கடைசியிலதான் மாட்டுவேன்."

மாலதி சுற்றுமுற்றும் பார்த்தாள். "மாமா யாருன்னு தெரியும்தானே?"

"ஜானி, ஜானி. என்ன சாப்பிடுவார்?"

"ஆடு."

"பிரியாணி போட்டுடலாம். படகிலயா வருவார்?"

"நீந்தி."

"இந்த வயசிலயா! பலே!"

அவள் குரல் தாழ்ந்தது. "எங்கப்பாவை மாமாதான் கொண்டுபோனார்."

"கேரளாவுக்கா? அங்கே கூலி நல்லா கிடைக்கும்."

மாலதி எழுந்து போனாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார்கள்.

கொல்கத்தா வந்து, லேக் மார்க்கெட்டில் தடிமனான ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு தீவுக்குத் திரும்பினேன்.

அன்று அந்தியில் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வாசல் சரிவில் பூசிய சிமெண்ட் இன்னும் காயவில்லை. ஆற்றிலிருந்து பனி ஏறி வந்தது. உள்ளே நான் மட்டும். தவளைச் சத்தம் நின்றது. நாய்கள் அடங்கின. எங்கோ கத்திய ஆடு பாதியில் நிறுத்தியது. ஈரச் சாக்கை ரத்தத்தில் நனைத்த மாதிரி ஒரு வாடை. வாசலில், பனிக்குள், எதுவோ தாழ்வாக வந்து நின்றது.

'பெரியவருக்குக் கூன் போட்டிருக்கிறது' என்று நினைத்தேன்.

மாலையை விரித்துப் பிடித்து, "ஆஷுன் மாமா, போஷுன்!" என்றேன். வாங்க மாமா, உட்காருங்க.

"போஷுன்... போஷுன்..." என்று தகரம் திருப்பிச் சொன்னது. அது அடங்கிய பிறகும் ஒரு சத்தம் அடங்கவில்லை. காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் அரங்கத்துக்குள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மாலதியின் அப்பாவும் நான் சொன்ன கேரளாவும் ஞாபகத்துக்கு வந்தன.

பிள்ளைகள் ஏறிப் பழக உத்தரத்திலிருந்து கயிறு தொங்கவிட்டிருந்தேன். என் தொந்திக்கு நாற்காலியிலிருந்து எழுவதே ஒரு பயிற்சி. அன்று கூரைத் தகரம் தலையில் இடித்த பிறகுதான் நான் ஏறிவிட்டதே எனக்குத் தெரிந்தது.

ஊரே தீப்பந்தம் ஏந்தி, தகர டின்னைத் தட்டிக்கொண்டு வந்தது. வாசல் சிமெண்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காலடி. ஒன்றே ஒன்று. அடுத்த அடி வைக்காமல் திரும்பியிருக்கிறது. (புலியைப் பெயர் சொன்னால் வந்துவிடும் என்றுதான் அங்கே மாமா என்கிறார்கள், பின்னாலிருந்து பாயாமலிருக்கத்தான் அந்த முகமூடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.) மாலதி அதைக் குனிந்து பார்த்தாள், பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா உட்காரலையா, தாதா?"

எனக்கு இறங்க வரவில்லை. பிள்ளைகள் கபடி மெத்தையை இழுத்துப் போட, அதன்மேல் விழுந்தேன்.

"உங்கப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"ஷட்டர்" என்றாள் அவள்.

விடிந்ததும் என் கையாலேயே மாட்டினேன். அன்று மாலை, இருட்டிய பிறகும் பிள்ளைகள் "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்தார்கள். அந்தக் காலடியை மட்டும் பூச விடவில்லை. இன்றும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

இப்போது ஊரிலிருந்து மைத்துனர் வந்தால் போதும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே என் சம்சாரம் சமையற்கட்டிலிருந்து கத்துகிறாள். "ஏங்க, பிள்ளைகளோட மாமா வந்திருக்காரு. எங்க அண்ணன்தான். ஃபேனைப் பிடிச்சு ஏறிடாதீங்க!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பனிக்காலத்தில் மட்டும் மாலதி போன் செய்வாள். "நேத்து மாமா வந்தார், தாதா. ஷட்டரை மோந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் நின்னார். மாலை போட வந்தவர் எங்கேன்னு தேடுறார் போலிருக்கு."

நான் "ஜானி, ஜானி" என்று சொல்வதில்லை. எழுந்து போய், எங்கள் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வருகிறேன்.